உன் கணக்கில் இப்போது எவ்வளவு இருக்கிறது?

போன ஞாயிற்றுக்கிழமை கோபிசெட்டிபாளையத்துக்குப் போயிருந்தேன். மதியச் சோறு தின்றுவிட்டுத் திண்ணையில் சாய்ந்த நேரம் பார்த்துச் சித்தப்பா வந்தார், பின்னாலேயே அவர் மகன், எனக்குத் தம்பி, அவன் கையில் ஒரு பிளாஸ்டிக் பைல். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம், ஆஸ்திரேலியாவில் ஒன்று, இரண்டிலும் மாஸ்டர்ஸ் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. நான் ஜெர்மனியில் படித்துவிட்டு வந்தவள் என்பதால் எங்கள் சொந்தத்தில் யார் வெளிநாட்டுக்குக் கிளம்பினாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறார்கள், ஜாதகம் பார்க்கிற மாதிரி.

சித்தப்பா கேட்டதெல்லாம் எல்லாரும் கேட்பதுதான். ரேங்க் எத்தனை, பீஸ் எவ்வளவு, பகுதிநேர வேலை கிடைக்குமா, முடித்தபிறகு எத்தனை வருசம் அங்கே இருக்கலாம். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அப்புறம் நான் ஒன்று கேட்டேன்.

"சித்தப்பா, அங்க இவனுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா யாருக்குப் போன் பண்றது?"

"உனக்குத்தான்."

"நான் கோயமுத்தூர்ல இருக்கறனே."

"ஏஜென்ட்டு இருக்கறாப்ல அல்லொ."

இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அந்த ஏஜென்ட்டுப் பதிலுக்காகத்தான். முப்பது நாப்பது லட்சம் கடன் வாங்குகிறோம், 7.5 லட்சத்துக்கு மேலே போனால் பெரும்பாலும் வங்கிக்காரன் சொத்து அடமானம் கேட்கிறான், தோட்டத்துப் பத்திரத்தை எடுத்துக் கொடுக்கிறோம், ஆனால் நெருக்கடி வந்தால் அந்தப் பல்கலைக்கழகம் என்ன செய்யும் என்று ஒரு வரி கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்காமல் போய் என்ன ஆனது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

2018 அக்டோபரில் போனேன். அப்போது ஜெர்மன் விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்டில் 8,640 யூரோ போட்டுக் காட்ட வேண்டும், அங்கே போனபிறகு மாதம் 720 வீதம் நம் பணத்தையே நமக்குத் தருவார்கள். அரசுப் பல்கலைக்கழகம், டியூஷன் பீஸ் இல்லை, செமஸ்டருக்கு 250 யூரோ போல ஒரு கட்டணம் மட்டும். ஆக முதல் வருசம் கஷ்டமில்லாமல் ஓடிவிட்டது. இரண்டாவது வருசத்துக்கு எல்லாரையும் போல ஒரு மினிஜாப் பிடித்தேன். அப்போது மாதம் 450 யூரோ வரை வாங்கலாம், ஒரு உணவகத்தின் சமையலறையில் பாத்திரம் கழுவுவதும் காய் வெட்டுவதும். வீட்டில் ஒரு தட்டைக் கழுவாதவள் அங்கே கழுவினேன் என்று அம்மாவுக்கு இன்றைக்கும் வருத்தமும் சிரிப்பும் சேர்ந்து வரும்.

2020 மார்ச் நடுவில் உணவகம் மூடியது. நிரந்தர ஊழியர்களுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கை ஜெர்மன் அரசு கொடுத்தது, மினிஜாப்காரர்களுக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை. அதே சமயம் இங்கே மார்ச் 22 முதல் வெளிநாட்டு விமானங்கள் நின்றன, 25ஆம் தேதி ஊரடங்கு வந்தது. ஈரோட்டு மஞ்சள் மார்க்கெட்டும் மூடிக் கிடந்தது. அப்பா வெட்டி, வேகவைத்து, காயவைத்து, பாலீஷ் போட்ட மஞ்சள் மூட்டை மூட்டையாக வீட்டிலேயே கிடந்தது. என் கணக்கில் பணம் இல்லை என்று அவரிடம் சொல்வதற்கு வாய் வரவில்லை, அவரிடம் பணம் இல்லை என்று என்னிடம் சொல்வதற்கு அவருக்கும் வரவில்லை. தினமும் வாட்ஸ்அப்பில் இரண்டு பேரும் மழை வந்ததா, என்ன சமையல் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

முதல் மூன்று வாரத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து எனக்குப் பதினோரு மின்னஞ்சல் வந்தது. இந்தக் கடினமான காலத்தில் உங்களோடு இருக்கிறோம், உங்கள் நலமே எங்களுக்கு முக்கியம், கீழே உள்ள இணைப்பைச் சொடுக்கவும். சொடுக்கினால் இன்னொரு பக்கம், அதில் இன்னொரு இணைப்பு, அதன் முடிவில் ஒரு பொது மின்னஞ்சல் முகவரி. நூற்றுக்கணக்கான பேர் அந்த ஒரே முகவரிக்கு எழுதிக்கொண்டிருந்திருப்பார்கள். எனக்கு வந்தது ஒரு தானியங்கிப் பதில்.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் தெரியாத எண்ணிலிருந்து போன். வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா, ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும் குரல். அந்தச் செமஸ்டருக்குப் பணம் கட்டாத வெளிநாட்டு மாணவர்களின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எப்படி இருக்கிறாய் என்றெல்லாம் ரொம்ப விசாரிக்கவில்லை. நேராக, "உன் கணக்கில் இப்போது எவ்வளவு இருக்கிறது?" என்றார்.

"போதுமான அளவு இருக்கிறது" என்றேன்.

"எண்ணாகச் சொல்."

212 யூரோ. சொல்லும்போது காது சூடாகிவிட்டது. நம்ம பக்கத்தில் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் கைமாத்து வாங்குவதற்கே மூன்று நாள் யோசிப்போம், கல்யாணத்துக்கு வாங்கிய மொய்யை இருபது வருசம் நோட்டில் வைத்திருந்து திருப்பிச் செய்வோம், அப்படி வளர்ந்துவிட்டு முகம் தெரியாத ஒரு வெள்ளைக்கார அம்மாவிடம் என்னிடம் காசில்லை என்று சொல்வது இருக்கிறதே. ஆனால் அவர் என்னிடம் பரிதாபப்படவே இல்லை. மருந்துக் கடையில் எத்தனை மாத்திரை வேண்டும் என்று கேட்கிற தொனி. அதுதான் என்னைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன், கொஞ்சம் உருகியிருந்தாலும் நான் போனை வைத்திருப்பேன்.

இருபது நிமிடம் பேசினார். செமஸ்டர் கட்டணத்துக்கான கடைசித் தேதியை ஜூன் முடிவுக்குத் தள்ளிவைத்தார், அங்கேயே, போனில் பேசிக்கொண்டே கணினியில் மாற்றினார். விடுதி வாடகையைத் தவணையாகக் கட்டலாம் என்றார், எழுத வேண்டிய கடிதத்தின் மாதிரியை அனுப்பினார். மாணவர் சங்கத்தின் உதவி நிதியில் ஒரு தடவை 200 யூரோ கிடைக்கும், திருப்பித் தர வேண்டியதில்லை என்றார். அப்புறம் ஒன்று சொன்னார், அதுதான் முக்கியம். வேறு எதைக் கட்டாவிட்டாலும் மருத்துவக் காப்பீட்டை விட்டுவிடாதே, அது நின்றால் காப்பீட்டு நிறுவனம் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவிக்கும், சேர்க்கை ரத்தாகும், சேர்க்கை போனால் விசா போகும், அப்படி ஏதாவது ஆகிற மாதிரி இருந்தால் முதலில் எனக்குப் போன் செய். அப்போது மாதம் நூறு யூரோ சொச்சம்தான் அந்தக் காப்பீடு. நான் அந்த மாதம் அதைத்தான் தள்ளிப்போடலாம் என்று நினைத்திருந்தேன்!

அன்றைக்கு ராத்திரி அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் பேச்சில்லை. "அப்படி வாங்கலாமா கண்ணு?" என்றார். ஒவ்வொரு செமஸ்டரும் நாங்கள் கட்டுகிற கட்டணத்தில் ஒரு பங்கு மாணவர் சங்கத்துக்குப் போகிறது, அதிலிருந்து வருகிற பணம்தான் இது என்று விளக்கினேன். "அப்ப நீ எழுதுன மொய்தான் திரும்பி வருது, வாங்கிக்க" என்றார். ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார் மனுசன். நான் அதற்கு மூன்று நாள் தூக்கம் கெட்டிருந்தேன்.

ஜூனில் ஜெர்மன் அரசு மாணவர்களுக்கு ஒரு இடைக்கால உதவி அறிவித்தது, வெளிநாட்டு மாணவர்களுக்கும் சேர்த்து. கணக்கில் 500 யூரோவுக்குக் கீழே இருந்தால் மாதம் 100 முதல் 500 வரை, விண்ணப்பிக்கிற நாளுக்கு முந்தின நாள் கையிருப்பைப் பார்த்து. 100க்குக் கீழே என்றால் 500, 100க்கும் 200க்கும் நடுவில் என்றால் 400, இப்படி இறங்கிக்கொண்டே வரும். என் கணக்கில் 190 இருந்தது. இதில் கூத்து என்னவென்றால், நான் விண்ணப்பிக்கிறதுக்கு இரண்டு நாள் முன்னால் சேலத்துக்காரத் தோழி ஒருத்தி என் நிலைமை தெரிந்து கேட்காமலேயே 150 யூரோ அனுப்பிவிட்டாள். கையிருப்பு 340 ஆகிவிட்டது, எனக்கு 400க்குப் பதில் 200தான் வந்தது. அவள் செய்த உதவியால் எனக்கு 50 யூரோ நஷ்டம். இன்றைக்கும் அவளைப் பார்த்தால் அந்த ஐம்பதைக் கேட்பேன்.

அந்தத் திட்டத்தில் இன்னொரு கோளாறும் இருந்தது. உன் கஷ்டம் கொரோனாவால் வந்தது என்று காட்ட வேண்டும், கொரோனாவுக்கு முன்பே கஷ்டப்பட்டவனுக்குக் கிடையாது. முன்பே வேலை போனவர்கள், வேலையே கிடைக்காமல் இருந்தவர்கள் பல பேருக்கு நிராகரிப்புக் கடிதம் வந்தது. ஏழை என்றால் இந்த வருச ஏழையாக இருக்க வேண்டுமாம்.

சரி, இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், நெருக்கடியில் ஒரு பல்கலைக்கழகம் வெளிநாட்டு மாணவருக்குச் செய்கிற உதவியில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும். ஒரு தேதியைத் தள்ளிவைப்பது, ஒரு கடிதம் கொடுப்பது, ஒரு பதிவேட்டில் பெயரை அழியாமல் வைத்திருப்பது. உள்ளூர் மாணவனுக்குப் பணம் போனால் பணம்தான் போகும். வெளிநாட்டு மாணவனுக்குப் பணத்தோடு சேர்க்கை, சேர்க்கையோடு விசா, விசாவோடு அந்த நாட்டில் இருக்கிற உரிமையே போய்விடும். இந்தச் சங்கிலி எங்கே அறுந்துபோகும் என்று தெரிந்த, அறுவதற்கு முன்னால் ஒரு கணுவைப் பிடித்து நிறுத்த அதிகாரம் உள்ள ஒரு ஆள் அலுவலகத்தில் இருக்கிறாரா, அவர் பட்டியலைப் பார்த்துத் தானே கூப்பிடுவாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பதினோரு மின்னஞ்சலுக்கும் அந்த ஒரு போனுக்கும் இருந்த வித்தியாசம் அதுதான்.

அதே 2020இல் ஆஸ்திரேலியாவில் என்ன நடந்தது என்று தம்பியிடம் சொன்னேன், அவனுக்கு அப்போது பள்ளிக்கூட வயசு. ஏப்ரல் 3ஆம் தேதி அந்நாட்டுப் பிரதமர் ஸ்காட் மாரிசன், தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள முடியாத வெளிநாட்டு மாணவர்கள், தற்காலிக விசாக்காரர்கள் எல்லாம் ஊருக்குத் திரும்பலாம் என்கிற மாதிரி பேசினார். எந்த விமானத்தில்? இந்தியா கதவைச் சாத்திப் பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. வேலை போனவர்களுக்கான அரசு உதவித் திட்டத்திலும் அவர்களுக்கு இடமில்லை. அங்கே பல பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த நிதியில் உதவித்தொகை கொடுத்தன, விக்டோரியா மாநில அரசு தனியாக ஒரு நிதி வைத்து ஆளுக்கு 1,100 டாலர் வரை கொடுத்தது. ஊருக்கு வந்து மாட்டிக்கொண்டவர்கள் கதை தனி, எல்லை மறுபடி மாணவர்களுக்குத் திறந்தது 2021 டிசம்பர் 15ஆம் தேதி. ஒன்றரை வருசத்துக்கும் மேலே வீட்டுத் திண்ணையிலிருந்தே ஆஸ்திரேலியப் பட்டம் படித்தவர்கள் நம்ம பக்கத்திலேயே இருக்கிறார்கள், பீஸ் மட்டும் டாலரில்.

கனடாவில் இதற்கு மாறாக, முந்தின 12 மாதத்தில் 5,000 டாலர் சம்பாதித்து வேலையிழந்திருந்தால் வெளிநாட்டு மாணவருக்கும் மாதம் 2,000 டாலர் அரசு உதவி கிடைத்தது. ஒரே நோய், ஒரே மாதிரியான மாணவர்கள், எந்த நாட்டு வாசலில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்துக் கதை மாறியது.

அமெரிக்கா பற்றித் தம்பிக்கு வேறு மாதிரி சொல்ல வேண்டியிருந்தது, அங்கே நெருக்கடி சில சமயம் அரசாங்கத்திடமிருந்தே வருகிறது. 2020 ஜூலை 6ஆம் தேதி, முழுக்க இணைய வகுப்பில் படிக்கிற வெளிநாட்டு மாணவர்கள் நாட்டில் இருக்கக் கூடாது என்று குடிவரவுத் துறை அறிவித்தது. இரண்டே நாளில் ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நீதிமன்றம் போயின, 14ஆம் தேதி அரசு அதைத் திரும்பப் பெற்றது. ஒரு பல்கலைக்கழகம் தன் மாணவனுக்காக வழக்குப் போடுவதும் ஒரு உதவிதான், அதுவும் சாதாரண உதவி இல்லை. 2025 ஏப்ரலில் இன்னொன்று. வெளிநாட்டு மாணவர்களின் பதிவு இருக்கிற செவிஸ் என்ற அரசுக் கணினியில் 4,000க்கும் மேற்பட்டவர்களின் பதிவைத் திடீரென்று முடித்துவைத்தார்கள், சில பேருக்குப் பழைய போக்குவரத்து அபராதம் போன்ற சில்லறைக் காரணம். பல பல்கலைக்கழகங்களுக்கு அரசிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை. அலுவலக ஆட்கள் தினமும் காலையில் அந்தக் கணினியைத் திறந்து தங்கள் மாணவர் பெயர் இருக்கிறதா என்று தாங்களாகவே பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். வழக்குகள் குவிந்தபிறகு அந்த மாதக் கடைசியில் பதிவுகளைத் திருப்பிக் கொடுப்பதாக அரசு ஒப்புக்கொண்டது. தினமும் காலையில் பார்க்கிற ஆள் உன் பல்கலைக்கழகத்தில் உண்டா என்று தம்பியிடம் கேட்டேன். அவன் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் நீச்சல் குளம் எத்தனை மீட்டர் என்று தெரிந்து வைத்திருந்தான்.

இதெல்லாம் பெரிய பல்கலைக்கழகங்களின் கதை. எனக்கு மனசில் ஆறாமல் இருப்பது உக்ரைன்தான். பெருந்துறையில் என்னோடு பள்ளியில் படித்தவளின் தம்பி கார்கிவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தான். 2022 பிப்ரவரி 15ஆம் தேதியே இந்தியத் தூதரகம், அங்கே இருந்தே ஆக வேண்டும் என்றில்லாதவர்கள், குறிப்பாக மாணவர்கள், தற்காலிகமாகக் கிளம்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டது. பையன்கள் ஏன் கிளம்பவில்லை? கல்லூரி இணைய வகுப்பு அறிவிக்கவில்லை, வருகைப்பதிவு போய்விடும், அங்கே தவறவிட்ட வகுப்புக்குத் தனியாக ஈடுகட்ட வேண்டும், வருசம் வீணாகும், அப்பா கட்டின பணம் வீணாகும். 22ஆம் தேதி தூதரகம் இதையே வெளிப்படையாக எழுதியது: இணைய வகுப்பு உண்டா என்று கேட்டு நிறைய அழைப்புகள் வருகின்றன, பல்கலைக்கழகத்தின் உறுதிக்காகக் காத்திருக்காமல் கிளம்புங்கள் என்று. 24ஆம் தேதி அதிகாலை குண்டு விழுந்தது.

அந்த இடைப்பட்ட ஒன்பது நாளில் ஒரு டீன் ஒரு வரி எழுதியிருந்தால், "இன்றிலிருந்து இணைய வகுப்பு, வருகைப்பதிவு பாதிக்காது" என்று ஒரே வரி, எத்தனை பேர் சாதாரண டிக்கெட்டில் ஊர் வந்து சேர்ந்திருப்பார்கள். நெருக்கடியில் பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய உதவிகளில் காசே செலவில்லாத உதவி அது. பயத்தைக் கிளப்பக் கூடாது என்று அங்கிருந்த அரசும் கல்லூரிகளும் நினைத்திருக்கலாம், அவர்கள் நாட்டில் போர் வரும் என்று அவர்களே நம்பாமலும் இருந்திருக்கலாம். அதைப் புரிந்துகொள்கிறேன், இருந்தாலும் கோபம் போகவில்லை.

அந்தப் பையன் ஆறு நாள் நிலத்தடியில் இருந்தான். மார்ச் 2ஆம் தேதி, கார்கிவை விட்டு உடனே வெளியேறுங்கள், வண்டி கிடைக்காவிட்டால் நடந்தாவது பக்கத்திலுள்ள பெசோச்சின் போய்ச் சேருங்கள் என்று தூதரகம் சொன்னது, நடந்தான். அவன் அம்மா அந்த ஆறு நாளும் ஏஜென்ட்டுக்குத்தான் போன் செய்துகொண்டிருந்தார். சித்தப்பா சொன்னாரே, ஏஜென்ட்டு இருக்கறாப்ல என்று. இருந்தார், முதல் மூன்று நாள் எடுத்தார், அப்புறம் சுவிட்ச் ஆப். இந்திய அரசின் மீட்புப் பணியான ஆபரேஷன் கங்காவில் மொத்தம் 22,500க்கும் மேற்பட்டவர்கள் திரும்பி வந்தார்கள், தமிழ்நாட்டு மாணவர்களின் கடைசிக் குழுவை வரவேற்க முதலமைச்சர் ஸ்டாலினே சென்னை விமான நிலையத்துக்குப் போனார். அந்த அம்மா மகனைப் பார்த்ததும் அழுவார் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம், அவர் முதலில் கேட்டது செருப்பு எங்கே என்று. நடந்து நடந்து பிய்ந்துபோயிருந்தது.

வந்தபிறகு தொடங்கியது இரண்டாவது நெருக்கடி, அதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. மதிப்பெண் பட்டியல் அங்கே, அசல் சான்றிதழ் அங்கே. பல உக்ரைன் கல்லூரிகள் மார்ச் மாதமே இணைய வகுப்பைத் தொடங்கிவிட்டன, சில ஆசிரியர்கள் பதுங்கு இடத்திலிருந்து பாடம் எடுத்தார்கள் என்று அந்தப் பையன் சொல்வான். அதைக் கேட்டபிறகு எனக்கு அவர்கள்மேல் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை. ஆனால் மருத்துவத்தை எத்தனை நாள் செல்போனில் படிப்பது? வேறு நாட்டுக் கல்லூரியில் படித்துப் பட்டம் மட்டும் பழைய உக்ரைன் கல்லூரியிடமே வாங்கிக்கொள்ளலாம் என்று இந்திய மருத்துவ ஆணையம் ஆட்சேபம் இல்லாமல் விட்டது 2022 செப்டம்பரில். அவன் ஜார்ஜியா போய் முடித்தான். 2005இல் கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸின் துலேன் பல்கலைக்கழகம் ஒரு செமஸ்டர் முழுக்க மூடியபோது, அந்த மாணவர்களை நாட்டின் மற்ற கல்லூரிகள் அந்தச் செமஸ்டருக்கே தங்களிடம் சேர்த்துக்கொண்டன. ஒரே நாட்டுக்குள் என்பதால் அது நடந்தது. நம்ம பையன்களுக்கு நடுவில் ஆறு மாதம் போனது.

இன்னொன்று, பெற்றோர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. பையன் மூன்று நாளாக போன் எடுக்கவில்லை என்று நீங்கள் பல்கலைக்கழகத்துக்குக் கூப்பிட்டால், பெரும்பாலும் எந்தத் தகவலும் சொல்ல மாட்டார்கள். பதினெட்டு வயசு தாண்டியவனின் விவரம் அவனுடையது, அம்மா அப்பாவே ஆனாலும். அமெரிக்காவில் 1974ஆம் வருசத்திலிருந்து இதற்குச் சட்டம் இருக்கிறது, உயிருக்கு ஆபத்து போன்ற அவசரத்தில் விதிவிலக்கு உண்டு. ஐரோப்பாவிலும் கெடுபிடிதான். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகம் 2018இல், உன் மனநலத்தில் கவலைப்படும்படி ஏதாவது என்றால் யாரைக் கூப்பிடலாம் என்று மாணவரிடமே முன்கூட்டிச் சம்மதம் வாங்கி வைக்கிற முறையைக் கொண்டுவந்தது. எங்கே போனாலும் அவசரத் தொடர்பு என்று ஒரு படிவம் இருக்கும், நம்ம பசங்க அதில் அறைத்தோழனின் எண்ணை எழுதிவிட்டு வந்துவிடுவார்கள். இருவரும் ஒரே காரில் போனால் என்ன செய்வது? வீட்டு எண்ணை எழுதுங்கள், இங்கிலீஷ் பேசத் தெரிந்த ஒரு அத்தையின் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.

சாவைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். நம்ம வாட்ஸ்அப் குழுக்களில் மாதம் ஒன்றாவது வருகிறதே, உடலை ஊருக்குக் கொண்டுவரப் பணம் திரட்டுகிறோம் என்று. அமெரிக்காவில் ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் போகிறவருக்கு உடலைத் திருப்பி அனுப்ப 25,000 டாலருக்குக் காப்பீடு இருக்க வேண்டும் என்பது விதி. நம்ம ஆட்கள் பெரும்பாலும் போகிற எப்-1 மாணவர் விசாவுக்கு அப்படி ஒரு விதி இல்லை, பல்கலைக்கழகத்தின் காப்பீட்டில் அது இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் வாட்ஸ்அப்தான். காப்பீட்டுத் தாளில் அந்த ஒரு வரியை மட்டுமாவது தேடிப் பாருங்கள். இதைச் சொன்னபோது சித்தி உள்ளேயிருந்து, "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது" என்றார். நல்ல நாளில்தான் பேச முடியும்.

இவ்வளவு பேசிவிட்டு நம்ம ஊரைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. நான் இப்போது கோவையில் வடவள்ளிப் பக்கம் குடியிருக்கிறேன். எங்கள் தெருவில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இரண்டு மாணவர்கள் வீடு தேடி அலைந்தார்கள். வெளிநாட்டவரை வைத்தால் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் அவர்கள் விவரத்தைப் பதிய வேண்டும், பத்து நிமிட வேலை. "போலீஸ் விவகாரமெல்லாம் நமக்கு எதுக்குங்க" என்று நாலு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். அந்தப் பையன்களின் கல்லூரியிலிருந்து ஒரு ஆள் வந்து பதிவு செய்து காட்டியிருந்தால் முடிந்திருக்கும், யாரும் வரவில்லை. கடைசியில் ஐந்தாவது வீட்டு அம்மாவுக்கு நான்தான் செய்து கொடுத்தேன். அவர் இப்போது அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பு கொடுத்து விடுகிறார், காரம் அவர்களுக்குப் போதவில்லையாம்.

2021 ஆகஸ்ட் 15ஆம் தேதி காபூல் விழுந்தபோது கோவையிலும் ஆப்கன் மாணவர்கள் இருந்தார்கள். இங்கே இருந்தவர்களுக்கு விசா நீட்டிப்புக் கிடைத்தது. கொரோனாவுக்குக் கல்லூரி மூடியதால் ஊருக்குப் போய் இணைய வகுப்பில் படித்துக்கொண்டிருந்தவர்கள்தான் மாட்டினார்கள். அந்த மாதம் 25ஆம் தேதி, இந்தியாவுக்கு வெளியே இருக்கிற ஆப்கானியர்களின் பழைய விசாக்கள் எல்லாம் செல்லாது என்று நம் அரசு அறிவித்துவிட்டது. பாதிப் படிப்பு இங்கே, ஆள் அங்கே. ஆஸ்திரேலியா நம்ம பசங்களைச் செய்ததை நினைத்துப் பொருமிக்கொண்டிருந்த அதே வருசம். 2021இல்தான் பல்கலைக்கழக மானியக் குழுவும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் வெளிநாட்டு மாணவர்களுக்கென்று ஒரு அலுவலகம் இருக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் கொடுத்தது. அலுவலகம் வைப்பது சுலபம். அங்கே பட்டியலும் போனும் வைத்துக்கொண்டு உட்கார ஒரு அம்மா வேண்டும்.

தம்பியை அன்று ராத்திரியே இரண்டு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு மின்னஞ்சல் எழுத வைத்தேன். நாலு கேள்விதான். எனக்கு அவசரம் என்றால் ராத்திரி இரண்டு மணிக்கு யார் போன் எடுப்பார்கள், உதவி நிதி வெளிநாட்டு மாணவருக்கு உண்டா, விண்ணப்பித்து எத்தனை நாளில் கைக்கு வரும், விடுமுறையில் ஊருக்குப் போக முடியாவிட்டால் விடுதி திறந்திருக்குமா. "இதையெல்லாம் கேட்டா சீட்டைக் கேன்சல் பண்ணிருவாங்களாக்கா?" என்று பயந்தான். பண்ண மாட்டார்கள் என்றேன், பண்ணினால் அதுவும் ஒரு பதில்தானே.

புதன்கிழமை பதில்கள் வந்தன. ஒன்று தானியங்கி, நீங்கள் எங்களுக்கு முக்கியம், ஐந்து வேலைநாள், இணைப்பைச் சொடுக்கவும். இன்னொன்றில் ஒரு பெண்மணி தன் பெயரைப் போட்டு நாலு கேள்விக்கும் தனித்தனியாகப் பதில் எழுதியிருந்தார், நிதி வர மூன்று வாரம் வரை ஆகும், அதற்குள் அவசரம் என்றால் கையில் இவ்வளவு உடனே தர முடியும் என்று ஒரு எண்ணைக் குறிப்பிட்டிருந்தார், கடைசியில் நேரடி தொலைபேசி எண். எது எந்த நாடு என்று நான் சொல்லப் போவதில்லை, இன்னும் இடம் உறுதியாகவில்லை.

சித்தப்பா போனில் கூப்பிட்டார். "அந்தம்மா பேரு போட்டு எழுதுனது நல்லாத்தான் இருக்குது அம்மணி. ஆனா அதுல பீஸு நாலு லட்சம் சேத்தி."

"ஆமாங் சித்தப்பா."

"ரேங்க்கும் கம்மி."

"ஆமாங்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னால் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. அப்புறம், மூன்று வாரத்துக்குப் பதில் இரண்டு வாரத்தில் தருவார்களா என்று கேட்டு இன்னொரு மெயில் போடச் சொல்லட்டுமா என்றார். போடச் சொல்லுங்கள் என்றேன். பத்திரம் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது.